சும்மா கிடைத்ததற்கு பில் எங்கே?

பெண்கள் விடுதி,
மாடியில் கடைசி அறை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த மாமா அவர்களுக்கு, உங்கள் அக்கா மகள் எழுதிக்கொள்வது.

வணக்கம். இங்கே நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அதற்குப் பெயர் நலம் என்றால் நான் நலம். அங்கே நீங்களும் அத்தையும் குட்டிப்பயலும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மேலே மரியாதை என்று எழுதியது பழக்கதோஷம். இந்த வாரம் அது கொஞ்சம் குறைந்திருக்கிறது, காரணம் போகப் போகத் தெரியும். 'இதையெல்லாம் போன்ல சொல்லக்கூடாதா கழுதை' என்பீர்கள். போனில் உங்களோடு பேசி ஜெயித்தவர் யார் மாமா? நீங்கள் பேசுவீர்கள், எதிரில் இருப்பவர் 'உம்' கொட்டலாம், அவ்வளவுதான். கடிதம் என்றால் நடுவில் புக முடியாது பாருங்கள். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் கம்ப்யூட்டர் வார்டன் அம்மாவின் அலமாரியில், அவருடைய கம்பளிப் போர்வைக்கு அடியில், சிறையில் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நாளைக்குக் கல்லூரி முதல்வர் அறையில் விசாரணை. 'திருட்டு மென்பொருளைப் பரப்பினேன், இனி செய்ய மாட்டேன், மன்னித்துவிடுங்கள்' என்று நான் சொன்னால் புராஜெக்டை வாங்கிக்கொள்வார்களாம். சொல்லாவிட்டால் வாங்க மாட்டார்களாம், ஒரு வருஷம் அம்போவாம். நான் சொல்லப் போவதில்லை. நீங்கள் கெஞ்சினாலும், அம்மா அழுதாலும், அப்பா சாப்பிடாமல் படுத்துக்கொண்டாலும் சொல்லப் போவதில்லை. கார்டியன் என்ற இடத்தில் உங்கள் கையெழுத்து இருப்பதால் உங்களையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருந்தாலும் அப்பாவுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்றுதானே கல்லூரியில் சேர்த்த அன்றைக்கு உங்களைப் போடச் சொன்னோம். அது எவ்வளவு பெரிய தப்பு என்று இப்போது தெரிகிறது.

உங்களுக்குக் கதை சொன்னவர் பாஸ்வேர்டு சார். அதுதான், லேப் பொறுப்பாளர். பாஸ்வேர்டு அடிக்கும்போது கீபோர்டின் மேல் கைக்குட்டையை விரித்து, அதற்குள் கையை விட்டு, ஏதோ பிரசவம் பார்ப்பதைப் போல அடிப்பார். அதனால் அந்தப் பெயர். அடித்து முடித்ததும் அதை வாய்விட்டு ஒரு தடவை சொல்லிப் பார்ப்பார் என்பதால் கல்லூரி முழுக்க அந்தப் பாஸ்வேர்டு தெரியும். அவர் சொன்ன கதையில் நான் லேபுக்குள் புகுந்து 'ஹேக்' செய்தேன், மொத்த லேபும் அணைந்துபோயிற்று, அப்படித்தானே? இப்போது நடந்ததைக் கேளுங்கள்.

லேபில் வைரஸ் புகுந்தது என்று சொன்னால் அது வைரஸுக்கு அவமானம். அது அங்கேயே வாடகை தராமல் குடியிருக்கிறது. பென் டிரைவைச் செருகினால் போதும், உள்ளே இருக்கிற ஃபோல்டர் எல்லாம் மறைந்து, அதே பெயரில் பொய் ஃபோல்டர்கள் வந்து உட்கார்ந்துகொள்ளும். புராஜெக்ட் கொடுக்கிற வாரத்தில் என் அறைத்தோழியின் பென் டிரைவுக்கு இது நடந்தது. அவள் மாடிப்படியில் உட்கார்ந்து அழுத அழுகையைப் பார்த்து வார்டன் அம்மா யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்து, எனக்கு முன்னால் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார். நான் அவளை லேபுக்கு இழுத்துப் போனேன். என்னிடம்தான் கம்ப்யூட்டரை ஓட்டுகிற ஒரு சுதந்திர மென்பொருள் சிஸ்டம் பென் டிரைவிலேயே இருக்கிறதே, அதைச் செருகி அதிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்பினேன். உள்ளே இருக்கிற எதையும் தொடவில்லை மாமா, தொடவே இல்லை. அந்த வைரஸின் பம்மாத்து இந்தச் சிஸ்டத்தில் பலிக்காது, மறைந்திருந்ததெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவள் குதித்தாள். அவளுக்குப் பின்னால் ஒருத்தி தன் பென் டிரைவோடு நின்றாள், அவளுக்குப் பின்னால் ஒருவன், அப்புறம் ஒரு வரிசை. அந்த நேரம் பார்த்து டீ குடிக்கப் போயிருந்த பாஸ்வேர்டு சார் திரும்பி வந்தார். திரையின் கலர் வேறாக இருந்தது. அவருக்குக் கம்ப்யூட்டர் என்றால் ஒரே கலர்தான்.

"என்ன இது? என்ன பண்ணிட்டே?"

"ஒண்ணும் பண்ணலை சார். வேற சிஸ்டம் ஓடுது."

"ஓடுதா? எங்கே ஓடுது?"

கேட்டவர் பதிலுக்கு நிற்கவில்லை. அவரும் ஓடினார், நேராக மெயின் சுவிட்சுக்கு. இழுத்துவிட்டார். லேப் முழுக்க இருட்டு. சேவ் செய்யாமல் டைப் அடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரின் வேலையும் போயிற்று. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அது இதுதான். சுவிட்சை இழுத்த கை அவருடையது, மாட்டிக்கொண்ட கழுத்து என்னுடையது.

அதற்கப்புறம் அறையைச் சோதனை போட்டார்கள். நான் நகல் எடுத்து வைத்திருந்த டிஸ்க்குகள் கிடைத்தன. விடுதி நெட்வொர்க்கில் நான் திறந்து வைத்திருந்த பொது ஃபோல்டர் கிடைத்தது. அதன் பெயர் 'எடுத்துக்கோ'. பெயரைப் பார்த்ததுமே பாஸ்வேர்டு சார் வார்டன் அம்மாவிடம், "பாருங்க மேடம், ஒப்புதல் வாக்குமூலம்!" என்றார். அந்த ஃபோல்டரில் இருந்ததை உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன்: எழுத, கணக்குப் போட, படம் வரைய, பாட்டுக் கேட்க என்று சுதந்திர மென்பொருள்கள், நான் எழுதிய வகுப்புக் குறிப்புகள், ஒரு செஸ் விளையாட்டு. அறைத்தோழி நாலைந்து புதுப் படங்களையும் கொண்டுவந்து போட்டாள், நான் எடுத்துவிட்டேன். 'பெரிய தர்மதேவதை' என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்தப் படத்தை எடுத்தவன் 'எடுத்துக்கோ' என்று சொல்லவில்லையே மாமா. மென்பொருள் எழுதியவன் சொல்லியிருக்கிறான், சொன்னதோடு விடாமல் எழுதியே வைத்திருக்கிறான்: நகலெடு, பிரித்துப் பார், மாற்று, அடுத்தவனுக்குக் கொடு. இவ்வளவு தெளிவாக நம் சொந்தக்காரர்கள்கூட எதையும் கொடுத்ததில்லை. கொடுத்தால் அவனிடம் குறைந்துபோகிற சாமானா என்றால் அதுவும் இல்லை. எனக்குத் தெரிந்து, அடுத்தவருக்கு எவ்வளவு கொடுத்தாலும் நம்மிடம் அப்படியே இருப்பவை இரண்டுதான்: ஒன்று மென்பொருள், இன்னொன்று ஜலதோஷம். ஜலதோஷத்தைப் பரப்புகிறவர்களை யாரும் விசாரணைக்குக் கூப்பிடுவதில்லை.

முதல்வர் கூப்பிட்டார். அவர் மேஜையில் என் டிஸ்க்குகளைச் செத்த எலியை வைப்பதுபோல் ஒரு பேப்பர் விரித்து அதன்மேல் வைத்திருந்தார்கள்.

"எங்கேம்மா வாங்கினே இதெல்லாம்?"

"வாங்கலை சார். இணையத்துலேர்ந்து இறக்கினேன்."

"யாரைக் கேட்டு?"

"கேட்க வேண்டியதில்லை சார். அவங்களே எடுத்துக்கச் சொல்றாங்க."

"அவங்கன்னா யாரு?"

"உலகம் முழுக்க நிறைய பேர் சார். சேர்ந்து எழுதறாங்க."

"யாராவது ஒருத்தர் போன் நம்பர் சொல்லு. நான் பேசிக்கறேன்."

நான் கூரையைப் பார்த்தேன். அவர் அதைத் திருட்டு முழி என்று எடுத்துக்கொண்டார்.

"சரி, பில் எங்கே?"

"பில் கிடையாது சார். இது சும்மாதான் கிடைக்கும்."

"சும்மா கிடைக்குதுன்னா அது திருட்டுச் சாமானாத்தாம்மா இருக்கும்."

"காத்துகூட சும்மாதான் சார் கிடைக்குது."

"அதான் அசுத்தமா இருக்கு," என்றார். இவ்வளவு படித்த மனிதரிடம் இதற்கு மேல் என்ன பேசுவது சொல்லுங்கள். ஆனால் அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல், "உங்க மாமாவைப் பாரு. இந்த லேபுக்கு எல்லாம் அவர்தான் சப்ளை. ஒவ்வொண்ணுக்கும் பில்லு, சீலு, கையெழுத்து! அந்த மனுஷன் வீட்டுப் பொண்ணு நீ இப்படிப் பண்ணலாமா?" என்றார். அப்போது எனக்கு உங்களை நினைத்துப் பெருமையாக இருந்தது மாமா. சத்தியமாக இருந்தது. அதனால்தான் இப்போது இவ்வளவு எரிகிறது.

அன்று சாயங்காலம் நீங்கள் விடுதி ஆபீசுக்குப் போன் செய்தீர்கள். திட்டுவீர்கள் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் 'எவன்டா எங்க வீட்டுப் பிள்ளையைத் திருடின்னு சொன்னவன்' என்று கிளம்பி வருவீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ, "ஒரு மன்னிப்புத்தானே, வாயில இருந்து வர்ற வார்த்தை, கேட்டுட்டுப் போயேன். இதைக் கிளறாதே. கிளறினா யாருக்கும் நல்லதில்லை" என்றீர்கள். கரண்ட் ஆபீசில் மீட்டர் தப்பு என்று ஒரு மாசம் சண்டை போட்டு, மீட்டரையும் மாற்றி, மாற்ற வந்தவரையும் மாற்ற வைத்த மனிதர் பேசுகிற பேச்சா இது? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை புரிந்தது. லேபில் பெஞ்சுக்கு அடியில் விட்டுவந்த என் பையை எடுக்கப் போனேன். பாஸ்வேர்டு சார் காவலுக்குக் கூடவே நின்றார். அவருக்கு ஒரு போன் வந்து அந்தப் பக்கம் திரும்பினார். நான் எதிரே இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தேன். அந்த லேபில் ஒவ்வொரு திரைக்கும் ஒரு நம்பர் ஸ்டிக்கர் உண்டு. மூன்று வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நம்பர் ஒட்ட மானிட்டரில் சட்டம் இருக்கிறது, முதுகு இருக்கிறது, கால் இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு ஏன் திரையின் மேலேயே, வலது கீழ் மூலையில் ஒட்ட வேண்டும் என்று ஒரு நாளாவது இந்த மண்டைக்குத் தோன்றியதா? நகத்தால் சுரண்டினேன். ஸ்டிக்கர் வந்தது. அதற்கு அடியில் திரையில் ஒரு வரி: 'இது அசல் பிரதி அல்ல.' பக்கத்துத் திரையில் சுரண்டினேன். அங்கேயும் அதேதான். ஸ்டிக்கரில் இருந்த கையெழுத்து யாருடையது என்று நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஏழுக்குக் குறுக்கே கோடு போடுகிற ஆள் நம் குடும்பத்தில் நீங்கள் ஒருவர்தான்.

மாமா, மாமா, என்ன வேலை மாமா இது! அந்தச் சிஸ்டம் தன் வாயாலேயே 'நான் திருட்டுப் பிரதி' என்று கத்துகிறது, நீங்கள் அதன் வாயில் பிளாஸ்திரி ஒட்டி, அந்தப் பிளாஸ்திரியில் நம்பரும் எழுதிவிட்டீர்கள். ஒரே ஒரு டிஸ்க்கை வைத்துக்கொண்டு லேப் முழுக்கப் போட்டுவிட்டு, ஒவ்வொன்றும் அசல் என்று பில் கொடுத்திருக்கிறீர்கள். பில் இருக்கிறதனால் அது நியாயம். பில் இல்லாததனால் நான் திருடி. 'ஊரெல்லாம் அப்படித்தான், காலேஜ் கொடுத்த காசுக்கு அசல் போட்டா நான் கடையை மூடணும், பசங்க படிக்கத்தானே' என்று நீங்கள் சொல்லப்போவது எனக்கு இப்போதே காதில் விழுகிறது. நாய் விற்ற காசு குரைக்காதுதான். ஆனால் நீங்கள் விற்ற நாய் மூலைக்கு மூலை குரைத்துக்கொண்டே இருக்கிறது மாமா, நீங்கள்தான் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறீர்கள். காசில்லை என்றால் காசில்லாமல் நேர்மையாகவே கிடைக்கிற சிஸ்டம் ஒன்று இருக்கிறது என்று போன லீவில் எத்தனை தடவை சொன்னேன்! டிஸ்க்கைக்கூடக் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். 'சும்மா கிடைக்கிறதை எவன் மதிப்பான்' என்று சிரித்தீர்கள்.

எனக்குக் கோபம் அதில்கூட இல்லை. நான் திருடவில்லை என்று உலகத்திலேயே நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். அந்த நீங்கள் என்னைத் திருடி என்று ஒத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள். இது எனக்கு ரொம்ப வலிக்கிறது. நேற்று முழுக்க யோசித்தேன். மன்னிப்புக் கேட்டால் நீங்கள் தப்பிப்பீர்கள், நான் திருடி. கேட்காமல் சும்மா நின்றால் ஒரு வருஷம் போகும், அப்போதும் நான் திருடி. ஆகையால் நான் சொல்லப் போகிறேன். நாளைக்கு முதல்வர் முன்னால், 'சார், என்னுடையது அசல், உங்களுடையதுதான் திருட்டு, ஸ்டிக்கரைச் சுரண்டிப் பாருங்கள்' என்று சொல்லப் போகிறேன். சப்ளை போகும், கடைக்குக் கெட்ட பேர் வரும், அம்மா என்னை வீட்டுக்குள் விடமாட்டாள். எல்லாம் தெரியும். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும். முதுகுக்குப் பின்னால் சொல்லக்கூடாது என்பதற்காகத்தான் முன்கூட்டியே உங்களுக்கு எழுதுகிறேன். இன்றைக்குத் தபால் கிடையாது, நாளைக்குப் போட்டால் விசாரணைக்கு அப்புறம்தான் உங்களுக்குக் கிடைக்கும் என்பது இந்த வரியை எழுதும்போதுதான் உறைக்கிறது. பரவாயில்லை, எண்ணம் நல்ல எண்ணம்.

அத்தைக்கு என் வணக்கங்கள். முழங்கால் வலிக்கு மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். குட்டிப்பயலுக்கு என் முத்தங்கள். அவன் பல்லுக்குக் கிடைக்காத உயரத்தில் மவுஸை வையுங்கள். அம்மாவிடமும் அப்பாவிடமும் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று மட்டும் சொன்னால் போதும். நீங்கள் நீண்ட ஆயுளோடும் நல்ல புத்தியோடும், முக்கியமாக இரண்டாவதோடு, வாழ வேண்டும்.

இப்படிக்கு,
மன்னிப்புக் கேட்கவே கேட்காத
உங்கள் அக்கா மகள்.

பி.கு.: இது செவ்வாய்க்கிழமை எழுதுவது. மேலே எழுதியதைக் கிழித்துப் போடலாம் என்றுதான் பார்த்தேன், மனசு வரவில்லை. நேற்று முதல்வர் அறையில் நீங்கள் எனக்கு முன்னாலேயே வந்து மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். தாடி, கசங்கிய சட்டை, பையில் ஸ்க்ரூடிரைவர். உங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "சார், லேப்ல இருக்கிற..." என்பது வரைக்கும் சொல்லிவிட்டேன் மாமா, என்னை மன்னியுங்கள், சொல்லிவிட்டேன். அதற்குள் முதல்வர் 'வா, லேப்லயே போய்ப் பேசுவோம்' என்று எழுந்துவிட்டார். போனோம். கம்ப்யூட்டரைப் போட்டார்கள். ஒவ்வொரு திரையிலும் என் சிஸ்டம்! ஒரு ஸ்டிக்கர்கூட இல்லை. பாஸ்வேர்டு சார் சுவரைப் பிடித்துக்கொண்டார். நீங்கள் மெதுவாகச் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டி, "ஞாயித்துக்கிழமை லீவுன்னு வந்து பூரா மாத்திட்டேங்க. பழசுல வைரஸ் தொல்லை. பொண்ணு சொன்ன சிஸ்டம், நல்ல சரக்கு. சர்வீஸ் பில் இது" என்றீர்கள். முதல்வர் பில்லை வாங்கிப் பார்த்தார், சீலைப் பார்த்தார், "இதை முதல்லயே காட்டியிருக்கலாமேம்மா!" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். விசாரணை முடிந்தது, புராஜெக்டை வாங்கிக்கொண்டார்கள். நான் மேலே விடுதியில் உட்கார்ந்து உங்களைத் திட்டி எழுதிக்கொண்டிருந்த அதே ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் கீழே லேபில் ஒவ்வொரு கம்ப்யூட்டராக உட்கார்ந்து மாற்றிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். பஸ் ஸ்டாப்பில், "என்னைக் காப்பாத்தப் பண்ணீங்களா, உங்களைக் காப்பாத்திக்கப் பண்ணீங்களா?" என்று கேட்டதற்கு, "ரெண்டுக்கும் ஒரே டிஸ்க் போதுமா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டீர்கள்.

அறைக்கு வந்து, வார்டன் அம்மா திருப்பிக் கொடுத்த கம்ப்யூட்டரில் அந்தச் சிஸ்டத்தின் உரிமத்தை எடுத்து முழுசாகப் படித்தேன், சும்மா கிடைக்கிறதுக்கு நீங்கள் பில் போட்டது தப்பு என்று எங்கேயாவது இருக்குமா என்று. இல்லை மாமா. தாராளமாகக் காசு வாங்கலாமாம். ஆனால் யாருக்குக் கொடுத்தாலும், நீங்களும் இதை நகலெடுக்கலாம், மற்றவர்களுக்கும் கொடுக்கலாம் என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டுமாம். நீங்கள் அதைச் சொல்லவில்லை. ஆகையால் இன்று காலை நானே எழுதி லேப் கதவில் ஒட்டிவிட்டேன்: 'இங்கே உள்ள சிஸ்டத்தை யார் வேண்டுமானாலும் நகலெடுத்துக்கொண்டு போகலாம். காசு வேண்டாம்.' மத்தியானத்துக்குள் ஊர்ப்பட்ட கூட்டம். முதல்வர் வந்து, "காசு கொடுத்து பில்லோட வாங்கின சாமானை சும்மா எடுத்துக் கொடுக்கறியே, இது திருட்டு இல்லாம என்ன?" என்று புராஜெக்டைத் திருப்பிக் கையில் கொடுத்துவிட்டார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நாளைக்குக் கார்டியன் வரவேண்டுமாம், ஆபீசிலிருந்து போன் வரும். வாருங்கள் மாமா. பில் புத்தகத்தை மட்டும் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.